இப்பத்தான் வந்தேன்

"காத்திருக்கிறது எப்பலேர்ந்தும்மா ஆரம்பிக்குது?" என்று மகள் ஃபஹ்மிதா ஒருமுறை அனீஸாவிடம் கேட்டாள். ஷார்ஜாவிலிருந்து வரும் அப்பாவுக்காகத் திருச்சி விமான நிலையத்தில் நின்றபோது கேட்டது. "ஃபிளைட் லேட்டுன்னு சொன்னதுலேர்ந்தா, அத்தா போன நாள்லேர்ந்தா?"

பிறகு அந்தக் கேள்வியே அனீஸாவுக்கு வேலையாக வாய்த்தது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தாள். வீண் நடை, வீண் காகிதம், வீண் காத்திருப்பு எல்லாவற்றையும் குறைக்க நிர்வாகம் 'லீன்' என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. தஞ்சாவூரிலும் நன்னிலம் கிளையிலும் நோயாளி வந்ததிலிருந்து டாக்டரைப் பார்க்கும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் பொறுப்பு.

மூன்று மாத முடிவு வந்தது. தஞ்சாவூர் எழுபது நிமிடம்; நன்னிலம் பதினொன்று. திங்கட்கிழமை மேலாளர் முடிவெடுப்பார். தஞ்சாவூர் கவுன்ட்டரில் ஒப்பந்தத்தில் இருக்கும் ராஜாத்தியின் சீட்டு கிழியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதினொன்றா? அனீஸாவால் நம்ப முடியவில்லை. நன்னிலம் கவுன்ட்டரில் இருக்கும் ஜாஃபர் சாதிக்தான் கைவரிசை காட்டுகிறார் என்று முடிவுகட்டினாள். 'நன்னிலம் எண்கள் பொய். ஜாஃபர் சாதிக்கை விசாரிக்கவும்' என்று எழுதி, வெள்ளிக்கிழமை மாலையே மேலாளர் மேசையில் வைத்துவிட்டாள். அவர் ஊரில் இல்லை.

கையும் களவுமாகப் பிடிக்க, சனிக்கிழமை சொல்லாமல் நன்னிலத்துக்குப் போனாள். ஏழரை மணிக்கே பெஞ்சு நிறைய ஆட்கள். வேட்டியை மடித்துக் கட்டிய வீரையன் என்ற விவசாயி நகர்ந்து இடம் கொடுத்தார். ஒன்பதுக்கு ஜாஃபர் நோட்டைத் திறந்தார்.

"எப்ப வந்தீங்க பெரியவரே?"

"இப்பத்தான் தம்பி."

ஜாஃபர் ஒன்பது என்று எழுதினார். அடுத்து நின்ற காத்தாயியும், "இப்பத்தாங்க" என்றாள்.

அனீஸாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க இது! எனக்கு முன்னாடியே உக்காந்திருந்தீங்களே?"

"அதுக்கு? ரொம்ப நேரமாச்சுன்னு சொன்னா அந்தத் தம்பி மொகம் வாடிப்போயிடாதா?" என்றார் வீரையன்.

காத்தாயி சிரித்தாள். "உங்க வீட்டு வாசல்ல நின்னாலும் இப்பத்தான்னுதான் சொல்லுவோம். நீங்க எந்த ஊருங்க?"

ஜாஃபர் எட்டிப் பார்த்தார். "தஞ்சாவூர் அனீஸாவா? சொல்லாம வந்திருக்கீங்க. வேவு பாக்கவா?"

"ஆமாங்க" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. நோட்டை அவள் பக்கம் திருப்பினார். எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. "அவங்க சொல்றத எழுதுறேன். வாயப் புடுங்கவா முடியும்? காலையில கிளம்பியிருப்பீங்க, மொதல்ல டீ குடிங்க."

டீயைக் கையில் வாங்கியபடியே ராஜாத்திக்குப் போன் போட்டாள். "நீ எப்படிக் கேப்பே?"

"எப்ப வந்தீங்கன்னு கேட்டா யாரு உண்மையச் சொல்றாங்க அக்கா? எந்த பஸ்ஸுல வந்தீங்கன்னு கேப்பேன். பஸ்ஸப் பத்திப் பொய் சொல்ல மாட்டாங்க."

அனீஸா அன்று காத்திருந்த முப்பது பேரிடமும் அதையே கேட்டாள். பஸ் வந்த நேரத்திலிருந்து டாக்டரைப் பார்க்கும்வரை சராசரி நூற்றுப் பத்து நிமிடம் வந்தது.

திங்கட்கிழமை யாரும் வருமுன் மேலாளர் அறைக்குப் போனாள். வைத்த தாள் வைத்தபடி இருந்தது. மனதால் ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கிய பழி அது. அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள். புதிய அறிக்கையை அந்த இடத்தில் வைத்தாள். 'நன்னிலம் பதிவேடு நேர்மையானது. பிழை நாம் கேட்கும் கேள்வியில். இரு இடத்திலும் எந்த பஸ் என்று கேட்டு அளந்த பிறகே ஒப்பிட வேண்டும். இந்த முறையைக் கண்டவர்: ராஜாத்தி' என்று அதில் இருந்தது. தன் பெயரை அவள் எங்கும் எழுதவில்லை.

கிழித்த துண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.