மழை லில்லிகளுக்கு நடுவே முப்பத்தெட்டு அங்குலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் ஜன்னலில் கிடைத்தது. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். மேசை மாடியில், ஜன்னலை ஒட்டி. எதிர்வீட்டு முற்றம் அங்கிருந்து உள்ளங்கை மாதிரி தெரியும். பிழைகளை விட்டுவிட்டு அந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை என் மனைவி ஒருநாளும் வேலை என்று ஒத்துக்கொண்டதில்லை.

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம் இது:

அன்று காலை அவள் கதவைத் திறந்தபோது உலகமே இளஞ்சிவப்பாக மாறி

(அடித்துவிட்டேன். உலகம் மாறவில்லை. முப்பது அடி நீளம், இருபது அடி அகலம், அவ்வளவுதான் மாறியது. அதுவே எனக்குத் தாங்கவில்லை.)

இரண்டாவது:

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு நான்கு வருடங்களாகக் கால்கள்

(இதுவும் வேண்டாம். அவர் தையல்காரர். குடிவந்த நான்கே மாதத்தில் என் இரண்டு சட்டைகளுக்குக் காலர் மாற்றித் தந்தவர். கால்களைச் சொல்லித் தொடங்கினால் கடைசிவரை நீங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.)

ஆகவே தொடக்கம் என்று ஒன்று இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.

2

மெக்கானிக்கும் தையல்காரம்மாவும் அந்த வீட்டை வாங்கியது கோடையில். முன்பு இருந்தவர்கள் யாரென்று எங்களுக்கும் சரியாகத் தெரியாது. வீடு வெகுநாள் பூட்டியே கிடந்தது. முற்றத்தில் ஒரு புல்கூட இல்லை. வெடித்த மண், நாலைந்து ஓட்டுத்துண்டு. ஒரு விபத்துக்குப் பிறகு தையல்காரம்மா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வாசற்படிக்கு மெக்கானிக் ஒரு சாய்தளம் கட்டிவிட்டார். ஆனால் சாய்தளத்திலிருந்து தெருக்கதவு வரை முப்பது அடி மண். நாற்காலியின் முன்சக்கரம் மண்ணில் புதைந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் மெக்கானிக்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாருண்ணே," என்று அந்தம்மா என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். "மூட்டைக்காவது எங்க இறக்கணும்னு மேல எழுதியிருக்கும்."

மெக்கானிக் முற்றம் முழுவதற்கும் கான்கிரீட் போட ஏற்பாடு செய்தார். சின்னப் பாதைக்கென்று லாரி அனுப்ப மாட்டார்களாம். குறைந்தது இவ்வளவு வாங்க வேண்டும் என்றார்களாம். திங்கட்கிழமை வருவதாக இருந்தது. திங்கட்கிழமை விடியும்போது பருவத்தின் முதல் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்கள்.

வியாழக்கிழமை மாலை மண்ணில் பென்சில் முனை போல ஏதோ தலைநீட்டியிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்து, "கோரை முளைச்சிருக்கு. மேல போட்டா அமுங்கிடும்," என்று சொன்னது என் காதில் விழுந்தது.

3

வெள்ளிக்கிழமை காலை. இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். ஏழாவதுதான் இது. எட்டாவது எழுத எனக்குத் தெம்பில்லை.

ஏழரை மணிக்கு நான் பார்த்தபோது முற்றம் முழுக்க மெல்லிய காம்புகள். இலை இல்லை. ஒவ்வொரு காம்பின் உச்சியிலும் இறுக மூடிய ஒரே ஒரு மொட்டு. வெயில் எங்கள் மாடியைத் தாண்டி அந்த மண்ணில் இறங்கியது. வெயில் பட்ட வரிசை திறந்தது. வெயில் ஓரடி நகர்ந்தால் பூவும் ஓரடி நகர்ந்தது. ஆறு இதழ், இளஞ்சிவப்பு, அடியில் பச்சை. யாரோ ஒரு விரிப்பை மறுமுனைவரை உருட்டிக்கொண்டே போவது போல

(உவமை வேண்டாம். அப்படி எதுவும் இல்லை. பூக்கள் திறந்தன. நான் டீயை ஆறவிட்டேன்.)

எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை வந்து, எங்கே விட்டேன் என்று தெரியாமல் போய்விட்டது. பாதிகூட ஆகியிருக்கவில்லை.*

* மழை லில்லி என்று பிறகு தெரிந்தது. கிழங்கு சின்ன வெங்காயம் அளவு. தண்ணீர் இல்லாத மாதங்களில் மண்ணுக்கடியில் சும்மா கிடக்குமாம். யார் நட்டார்கள், எத்தனை வருடம் முன்பு, தெரியாது. அந்தக் கோடை முழுவதும் நாங்கள் அவற்றின் தலைமேல்தான் நடந்திருக்கிறோம்.

கதவைத் திறந்த மெக்கானிக் சாய்தளத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் நாற்காலியில் தையல்காரம்மா. நான் செருப்புகூடப் போடாமல் இறங்கி, தெருவைக் கடந்து, அவர்கள் கதவருகே போய் நின்றேன்.

அப்போதுதான் கான்கிரீட் லாரி தெருமுனையில் திரும்பியது.

4

லாரி டிரைவரை எழுதுவதில் எனக்கொரு சந்தேகம். அவர் இறங்கி வந்து, முற்றத்தைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நிஜமாகவே அப்படிச் செய்தாரா, நான் பிறகு சேர்த்தேனா? செய்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டது மட்டும் நிச்சயம்:

"ஊத்தவா, திரும்பவா? கலந்து அரை மணி நேரம் ஆச்சு. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் உள்ளேயே இறுகிடும், என் வேலை போயிடும்."

மெக்கானிக் கையில் மண்வெட்டி. "இது மேல எப்படிங்க ஊத்துறது?" என்றார். "திருப்பிக் கொண்டுபோங்க. நான் பேசிக்கிறேன்."

இங்கே என் முதல் பிரதி இப்படி முடிந்தது: தையல்காரி பூக்களைப் பார்த்தாள். கண் நிறைந்தது. லாரி திரும்பிப் போனது. மழை மீண்டும் தூறத் தொடங்கியது.

நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து, காலர் மாற்றக் கொடுத்த சட்டையை வாங்கப் போனபோது அந்தம்மாவிடமே படிக்கக் கொடுத்தேன். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே படித்தார். பிறகு ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"யாரு இவ?"

"நீங்கதாம்மா."

"நான் இப்படிச் செய்யலையே."

"கதைக்காகக் கொஞ்சம்..."

"கதைக்கு நல்லாத்தான் இருக்கு. உக்காந்த இடத்துல பூ பார்க்கிற பொம்பளை. படிக்கிற எல்லாருக்கும் பிடிச்சுப்போகும். ஆனா இதுல நான் தெருக்கதவையே தாண்டலை. கவனிச்சீங்களாண்ணே?"

கவனித்திருக்கவில்லை. முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன்.

5

நடந்தது இதுதான்.

"திருப்பிக் கொண்டுபோங்க," என்று மெக்கானிக் சொன்னதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னைக் கேட்டீங்களா?"

அவர் திரும்பினார். "நீயே பாரு, எப்படி இருக்குன்னு..."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனா நாளன்னைக்கு இது வாடிடும்ங்க. அப்பவும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

லாரியின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் பூக்கள் லேசாக நடுங்கின. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அந்தம்மா கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்தார். நாற்காலியின் அகலத்தைப் பிடித்துப் பார்த்தார். சக்கரத்தைத் தள்ளும் கைகளை இரண்டு பக்கமும் விரித்து, முழங்கையிலிருந்து முழங்கைக்கு அளந்தார்.

"முப்பத்தாறு. தளர்வுக்கு ரெண்டு. முப்பத்தெட்டு அங்குலம்," என்றார். "முற்றம் பூரா வேணாம். ஒரு பாதை. அந்த இடத்துல நெருக்கமா இருக்கு பாருங்க, அங்க ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுற மாதிரி வளைச்சு விடுங்க."

தையல் சாக்கட்டியை வீசினார். மெக்கானிக் பிடித்துக்கொண்டார்.

அடுத்த அரைமணி நேரத்தை எழுதத் தனியாக ஒரு ஆள் வேண்டும். ஓரத்தில் அடித்திருந்த பலகைகளை மெக்கானிக் பெயர்த்துப் பாதையின் இரு ஓரத்திலும் வைத்தார். அந்தம்மா சாய்தளத்தில் இருந்தபடி, "இன்னும் உள்ள தள்ளுங்க, அய்யோ அது இல்லை, இந்தப் பக்கம்" என்று விரட்டினார். பாதைக்குள் வரும் கிழங்குகளை நானும் டிரைவரும் முட்டிபோட்டுத் தோண்டி வாளியில் போட்டோம். "என் வேலை இது இல்ல," என்று சொல்லிக்கொண்டே டிரைவர் என்னைவிட வேகமாகத் தோண்டினார். ஒவ்வொரு கிழங்கும் பூவோடு வந்தது. எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. நூறு பூவாவது அந்தப் பாதைக்கு அடியில்தான் இருக்கிறது. இதை மறைத்து எழுதலாம். எழுதவில்லை.

கான்கிரீட் விழுந்தது. சாம்பல் நிறம் வளைந்து போக, இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு.

"மீதி?" என்றார் டிரைவர். லாரியில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெருவின் இந்தப் பக்கம், எங்கள் வீட்டுப் பக்கவாட்டு வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டிவிட்டேன். வெளியே போயிருந்த என் மனைவி திரும்பிவந்து அரை முழங்கால் உயரக் கான்கிரீட் மேடையைப் பார்த்துக் கேட்டது: "இது என்ன, நீங்க திருத்துன பிழையா?"

6

முடிவு.

மூன்றாம் நாள் பூக்கள் வாடின. வாளியில் இருந்த கிழங்குகளைப் பாதையோரமாக நட்டார்கள். புல் போன்ற இலைகள் எழுந்தன. கான்கிரீட் இறுகட்டும் என்று மெக்கானிக் பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்தார். தானும் அதில் ஏறவில்லை.

பதினோராம் நாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, தையல்காரம்மா கதவைத் திறந்தார். சாய்தளத்தில் இறங்கினார். வளைவில் கொஞ்சம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தார். தெருக்கதவைத் தானே தள்ளினார். நான் ஜன்னலில் எழுந்து நின்றுவிட்டேன். தெருவில் இறங்கி, என் ஜன்னல் காட்டாத பக்கமாகத் திரும்பினார்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். முகம் வியர்த்திருந்தது. அப்படியொரு முகத்தை அவரிடம் நான் அதுவரை கண்டதில்லை. ஓடிப்போய்க் கேட்டேன்.

"எங்கம்மா போயிட்டு வந்தீங்க?"

"எழுதறதுக்குத்தானே கேக்குறீங்க?"

"ஆமா."

"அப்போ சொல்ல மாட்டேன்."

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் அந்தப் பூக்களை நட்டவரைத் தேடிப் போகிறார். இன்னொன்றில் விபத்து நடந்த இடத்துக்கு. மூன்றாவதில் கடைத்தெருவில் பொத்தான் வாங்க. மூன்றையும் கிழித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; அவரிடம் மட்டும் படிக்கக் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இப்போது தினமும் போகிறார். எந்தப் பக்கம் என்பது அவர் இஷ்டம்.