பதினான்காம் கேள்விக்கு ஆள் இல்லை

1

இந்தக் கதை மழையால் வந்தது. ஒதுங்க இடம் தேடி மாகாண அவையின் பார்வையாளர் மாடத்துக்குள் நுழைந்தேன். கீழே கேள்வி நேரம். அவைத்தலைவர் "பதினாலு" என்றார். யாரும் எழவில்லை. "உறுப்பினர் இல்லை, கேள்வி ரத்து. பதினஞ்சு!" அதிகாரிகள் வரிசையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

(முதல் தொடக்கம்: "அதிகாரப் பரவலாக்கம் என்பது யாதெனில்..." ஐயையோ, வேண்டாம்.)

அவள் சுகாதாரத் துறையில் அமைச்சருக்குப் பதில் எழுதிக் கொடுப்பவள். உறுப்பினர்கள் கேட்பார்கள், அமைச்சர் வாசிப்பார், நடுவில் மண்டையை உடைத்துக்கொள்வது இவள். அலுவலகத்தில் பெயரே பதிலம்மா. அவளுக்கு ஓர் அக்காவைக் கொடுக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன அக்கா. ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவை மூடிவிட்டார்கள். அங்கே ஆள் போட ஒதுக்கிய பணம் வாசலில் அலங்கார வளைவாக நிற்கிறது. அக்கா வாரம் மூன்று தடவை இரண்டு பஸ் மாறித் தலைநகர் போகிறாள்.

"என்னால முடியலடி. இங்க திறக்கிறாங்கன்னா சொல்லு, பல்லைக் கடிச்சிட்டுப் போறேன். இல்லேன்னா விட்டுடறேன்."

விட்டால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.*

* பஸ்ஸில் அக்கா வாந்தி எடுப்பதை ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

3

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அந்தப் பிரிவைப் பற்றிக் கேள்வி போட்டார். பதிலம்மா வளைவு விஷயத்தை மறைக்காமல் எழுதினாள், தானாகவே ஒரு திறப்புத் தேதியையும் சேர்த்தாள். அமைச்சர் என்றைக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்? அவையில் வாசித்துவிட்டால் அந்தத் தேதி அரசின் வாக்குறுதி. வாசிக்காவிட்டால் வெறும் தாள்.

ஆனால் கேள்வி பதினான்காவது. ஒரு மணி நேரத்தில் எட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. அன்று முழுக்கச் சுகாதாரத் துறைக் கேள்விகள்தான், அதனால் முந்தைய பதில்களையெல்லாம் ஒற்றை வரியாகச் சுருக்கிக் கொடுத்தாள். அன்றைக்குக் கேள்விகள் மடமடவென்று ஓடின. அமைச்சர் வழக்கம்போல நீட்டி முழக்குவார் என்று நம்பி, உறுப்பினர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது (இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் வலிக்கிறது, விட்டுவிடுகிறேன்)

"எப்பவும் இழு இழுன்னு இழுப்பாரே மேடம்! இன்னைக்குப் பாத்து அந்த மனுஷனுக்கு என்ன அவசரம்?" என்று நடைவழியில் அவளிடமே கேட்டார். "சரி, அடுத்த கூட்டத்தொடர்ல போட்டுடலாம்."

அடுத்தது ஆறு மாதம் கழித்து. அவசரம் யாருடையது என்று அவள் எந்த வாயால் சொல்வாள், பாவி?

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். அக்கா அதற்குப் பிறகு பஸ் ஏறுவதில்லை.

முடிவு இரண்டு: பொய் சொல்கிறாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போகிறாள், வரவர மெலிகிறாள், "எப்படி, தேதி நெருங்கிடுச்சில்ல?" என்று சிரிக்கிறாள். இவள் தலையாட்டுகிறாள்.

முடிவு மூன்று: உறுப்பினர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுகிறார். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் மாடத்தில் உட்கார்ந்து என் கண்ணாலேயே பார்த்துத் தொலைத்தேனே!

கைபேசி அடிக்கிறது.

"என்னடி, கேட்டாங்களா? எப்போ திறக்கிறாங்களாம்?"

பதிலம்மா வாசிக்கப்படாத தாளில் அந்தத் தேதியைத் தேடுகிறாள். எனக்கும் இதற்கு மேல் ஓடவில்லை. அக்கா லைனில் காத்திருக்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். நாளைக்கு அவளுக்கு டயாலிசிஸ் நாள்.