காம்பு வுழுந்தா சொல்லு

ராயபுரத்திலிருந்து விம்கோ நகருக்கு வீடு மாறும்போது ரோஜாச் செடியையும் தொட்டியோடு டெம்போவில் ஏற்றினோம். வழியில் தொட்டி உடைந்து வேர் அறுந்துவிட்டது. ஒரு வாரத்தில் செடி காய்ந்து ஒரே ஒரு கிளைதான் பச்சையாக மிஞ்சியது. என் மனைவி ஆன்சிக்கு அவள் தம்பி ஃப்ரெடி வாங்கி வைத்துக் கொடுத்த செடி. அவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆறு வருஷம் ஆகிறது.

தள்ளுவண்டியில் செடி விற்கும் ரஷீது பாயைக் கூட்டிவந்தேன். இலைக்காம்பு கிளையோடு சேரும், அக்குள் மாதிரியான மூலையை அவர் விரலால் காட்டினார்.

"இந்த கம்கட்டுல பாரு நைனா, அரிசி கணக்கா ஒண்ணு கீதா? அதான் கண்ணு. புதுக் கிளை அதுலதான் வரும்."

"இலைக்குக் கூட கம்கட்டு கீதா பாய்?"

"எல்லா இலைக்கும் கீது. அதுக்கு நாறாது, அவ்ளோதான்."

ஐம்பத்து மூன்று வயது வரை நான் இதைக் கவனித்ததே இல்லை.

மொத்தம் மூன்று கண்தான் தேறியது. இலையை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டு, ஒவ்வொரு கண்ணையும் பட்டையோடு சீவி எடுத்தார். தான் தொட்டியோடு கொண்டுவந்த காட்டு ரோஜாச் செடியின் பட்டையைக் கீறி, உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டினார்.

"மூணு வாரம் கழிச்சு காம்ப லேசா தொட்டுப் பாரு. வுழுந்தா சொல்லு" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தொட்டேன். இரண்டு காம்புகள் கருத்துச் சுருங்கியிருந்தாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது மஞ்சளாக இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டு மறைப்பதற்குள் ஆன்சி பார்த்துவிட்டாள்.

"யோவ், கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? போச்சா?"

"ரெண்டு ஸ்ட்ராங்கா கீதுடி."

அவள் உள்ளே போய்விட்டாள்.

போன் செய்ததும் பாய் வந்தார். உதிர்ந்த காம்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். கெட்டியாக இருந்த காம்பை இழுத்தார். கண்ணும் பட்டையும் கருப்பாகப் பிய்த்துக்கொண்டு வந்தன. இரண்டாவதும் அப்படியே.

ஆன்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு அழுவுற தங்கச்சி? உசுரு கீற செடிதான் வேணாம்னு காம்ப தள்ளி வுடும். செத்ததுக்கு வுடக்கூட தெம்பு இல்ல, அப்டியே புட்ச்சிக்கினு காயும். உன் வூட்டுக்காரன் நல்லதத்தான் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சிக்கினு கீறான்."

மூன்றாவது கட்டை மெதுவாக அவிழ்த்தார். காம்பு இருந்த இடத்தில் நகம் பட்டது போல ஒரு சின்னக் கீறல், சுத்தமாக ஆறியிருந்தது. அதற்கு மேலே பச்சையாக, கொஞ்சம் உப்பி, அந்த அரிசி.

ஆன்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நானும் பார்க்கலாம் என்று விரலை நீட்டினேன்.

"தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள்.