வால்வுக்குள் விழுந்ததோ?

பன்றிக்கறி வைத்த ரொட்டியில் பாதியை விழுங்கிய பிறகுதான் லெவோனின் நாக்கு கடைவாயில் ஒரு பள்ளத்தைத் தொட்டது. பல்லுக்குப் போட்டிருந்த தங்க உறையைக் காணோம்.

"என்னப்பா, கறியில எலும்பா?" என்றான் எதிரே வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த டூலி. ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறவன்.

"பல்லு கேப்பு கழண்டுடுச்சு."

"முழுங்கிட்டியா! போச்சு போ. நாளைக்குக் காலைல நீ தங்கம் தோண்ட வேண்டியதுதான்."

டூலி தொடையைத் தட்டிச் சிரித்தான். லெவோனும் சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் டார்ச் ஞாபகம் வந்தது.

காலை முழுக்க அவன் குனிந்து கிடந்தது ஒரு வால்வின் மேல். துறைமுகத்தில் நிற்கும் விமானந்தாங்கிக் கப்பலின் அணு உலைக்குப் போய்வரும் தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு. புதிதாகச் செய்யச் சொன்னால் வருஷக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். அதனால் பழுதுபார்க்க வந்த இன்னொரு கப்பலிலிருந்து பிடுங்கி இதற்கு மாட்டுகிறார்கள். அதற்குள் ஒரு மணல் துகள்கூட விழக்கூடாது. கல்யாண மோதிரத்தைக் கழற்றிவிட்டு, பட்டன் இல்லாத உடுப்பைப் போட்டுக்கொண்டு, கருவிகளையெல்லாம் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவார்கள். டார்ச்சையும் கட்டித்தான் இருந்தான். ஆனால் இரண்டு கையிலும் வேலை இருக்கிறதே என்று முகமூடியை இறக்கி, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தானே, பாவி மனுஷன்! பல்லைக் கட்டிக்கொள்ள யாருக்குத் தோன்றும்? அப்புறம் தன் கையாலேயே மூடியை வைத்து முறுக்கியும் விட்டான். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கிரேன் வந்து அதை விமானந்தாங்கிக் கப்பலுக்குத் தூக்கிப் போய்விடும்.

அந்தக் கப்பலின் இயந்திர அறையில்தான் அவன் மகள் ஒக்டேவியா வேலை பார்க்கிறாள்.

வயிற்றுக்குள்தான் போயிருக்கும், போயிருக்கும் என்று மனசு கெஞ்சியது. போகாமல் இருந்தால்? நடுக்கடலில், மூட வேண்டிய நேரத்தில், அந்தத் துண்டு இடுக்கில் சிக்கி வால்வு மூடாமல் நின்றால்? மீதி ரொட்டியைக் கீழே வைத்தான்.

"டூலி, டார்ச்சை வாயில வச்சிருந்தேன்."

டூலியின் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். "யாரும் பாக்கலல்ல? வாயை மூடிட்டுச் சாப்பிடு. சொன்னா இன்னைக்கே உன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"எம்பொண்ணு அதுலதாண்டா இருக்கா."

லெவோன் எழுந்தான். மேற்பார்வையாளர் வில்மா ஹாரெலின் அறை பத்தடி தூரம்கூட இருக்காது. நேராக உள்ளே போய் நடந்ததைச் சொன்னான்.

அவள் முழுக்கக் கேட்டாள். முதலில் போனை எடுத்துக் கிரேனை நிறுத்தச் சொன்னாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"அறிவிருக்காய்யா உனக்கு? இத்தனை வருஷம் என்னத்தக் கிழிச்ச?"

"வால்வைத் திறந்து பாத்துடலாம், மிஸ் வில்மா."

"திறந்தா உள்ள கசியாம அடைக்கிற சீல் வளையம் வீணாப்போச்சு. ஒரு தடவைதான் அதை அழுத்த முடியும். மாத்து வளையம் எங்கயும் கிடையாது. செஞ்சு வர்ற வரைக்கும் கப்பல் நிக்கணும், தெரியும்ல?" கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல உன் வயித்தைப் பாப்போம். நட."

கப்பல் துறை மருத்துவமனையில் சட்டையைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். எக்ஸ்ரே மேஜை சில்லென்றிருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள் நர்ஸ்.

பிடித்தான். உள்ளே இரு, தாயே, உள்ளேயே இரு என்று தன் வயிற்றையே கும்பிட்டுக் கிடந்தான்.

படுத்திருந்த இடத்திலிருந்து திரையில் இருந்த படம் தெரியவில்லை, வில்மாவின் முகமும் கையும்தான் தெரிந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தாள். தங்கத்தைத் தேடித் திரையின் உச்சியிலிருந்து புறப்பட்ட அவள் விரல் எங்கேயும் நிற்காமல், மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.