நான்கு பூட்டுகளும் நகப்பூச்சும்

பூட்டுக்கடைக்காரர் தன் வீட்டு வாசலில் ஓர் இரும்புக் கதவு வைத்து, அதில் நான்கு பூட்டுகள் தொங்கவிட்டிருந்தார். வீடு இரண்டாவது மாடியில், கீழே தரைத்தளத்தில் அவருடைய கடை. பட்டப்பகலிலும் நான்கும் பூட்டியே இருக்கும். பன்னிரண்டு சாவிகள் கொண்ட கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்குவது குளிக்கப் போகும்போது மட்டும்தான். வீட்டில் யார் வெளியே போனாலும் அவர் எழுந்து வந்து திறந்துவிட வேண்டும்.

“இந்த வீட்டுக்குள்ள காத்து வரணும்னாகூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்” என்பார்.

“வர்றது சரி மாமா. போறது எப்படி?” என்று மருமகள் ஒருநாள் கேட்டாள்.

அவள் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் எட்டும். அவர் காதில் அது விழவில்லை. அவளுடைய ஆறு வயது மகள்தான் அதை வாங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடி சொன்னாள். அப்படியே தாத்தாவின் தொண்டை. வீட்டில் குழந்தைக்கு ஒலிபெருக்கி என்று பெயர்.

கேள்வி சும்மா வரவில்லை. மருமகள் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அங்கே மாதம் ஒருமுறை தீ ஒத்திகைக்கு மணி அடிக்கும். கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும். முந்நூறு பேர் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார்கள். அப்படி மணி அடித்த ஒருநாள் மாலை அவள் வீட்டுக்கு வந்து, மாமனார் ஒவ்வொரு பூட்டாகத் திறக்கும்வரை படியில் காத்து நின்றாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மகள் நின்று கையசைத்தாள். மருமகள் நிமிடங்களை எண்ணினாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீட்டில் ஓர் ஒத்திகை என்று அறிவித்தாள். அறிவித்தது ஒலிபெருக்கி.

நான்கு மணிக்கு அவள் தட்டில் கரண்டியால் தட்டினாள். மாமியார் அடுப்பை அணைத்தார், அது சரி. பிறகு பீரோவைத் திறந்து எந்தப் புடவையை எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். கணவன் பேன்ட் தேடினான்.

“அரை டவுசரோட தெருவுல நிக்கச் சொல்றியா?”

“நெருப்பு காத்திருக்காது” என்றாள் அவள்.

“என் பேன்ட்டுக்காக ஒரு நிமிஷம் காத்திருக்கட்டும்.”

மாமனார் நிதானமாக வந்தார். முதல் பூட்டில் சாவியை உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். இரண்டாவது இடப்பக்கம் திரும்பும். மூன்றாவதற்கு இரண்டு சுற்று. நான்காவதைத் திறக்கும்முன் அதன் அருமை பெருமைகளைக் கொஞ்சம் சொன்னார். எதிர்ச்சாரியில் தையல்கடை விளக்குக் கம்பத்தடியில் எல்லோரும் வந்து சேர்ந்தபோது அவள் கைப்பேசியில் ஆறு நிமிடம் நாற்பது நொடி ஓடியிருந்தது.

“நாம செத்து நாலு நிமிஷம் ஆச்சு” என்றாள்.

“நாம செத்து நாலு நிமிஷம் ஆச்சாம்” என்றது ஒலிபெருக்கி. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. “அவசரத்துக்குத் திறக்கற பூட்டு பூட்டே இல்ல. முப்பது வருஷமா இந்தத் தெருவே என்னை நம்பித் தூங்குது.”

ஒரு பூட்டையும் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் மருமகள் நான்கு நகப்பூச்சுப் புட்டிகளுடன் வாசலுக்குப் போனாள். ஒவ்வொரு பூட்டிலும் ஒரு நிறம். அதன் சாவியிலும் அதே நிறம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

“என் பூட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்காளே, கல்யாணம் பண்ணி அனுப்பப் போறாளா?” என்று அவர் மனைவியிடம் குதித்தார். துணியால் துடைத்துப் பார்த்தார். கடையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். பொட்டு அசையவில்லை. அது நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோனுக்குத்தான் அசையும் என்று மருமகளுக்குத் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு பேச வேண்டியதையெல்லாம் பேத்தி வழியாகவே பேசினார்.

அடுத்த ஞாயிறும் நான்கு மணிக்கு ஒத்திகை. கணவன் மட்டும் இந்த முறை தோற்கக் கூடாது என்றிருந்தான். அன்று மூன்றேகால் மணிக்கே, ஒத்திகைக்குத் தயாராகப் பேன்ட்டைக் கட்டிலில் விரித்து இஸ்திரி போட்டான். நடுவில் நண்பன் போனில் கூப்பிட்டான். பேசிக்கொண்டே கூடத்துப் பால்கனிக்குப் போனான். இஸ்திரிப்பெட்டி பேன்ட்டின் மேலேயே குப்புறப் படுத்திருந்தது.

கருகல் வாசனை முதலில் மருமகளுக்குத்தான் எட்டியது. அறையை எட்டிப் பார்த்தாள். பேன்ட்டைத் தின்றுவிட்டு நெருப்பு மெத்தையைத் தாண்டி ஜன்னல் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை. கதவை இழுத்து மூடினாள். போகிற போக்கில் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

“மாமா, தீ” என்றாள்.

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் அரை மணி இருக்கே. இதுல திருட்டு ஆட்டம் வேறயா?”

“எனக்கு அதுக்குள்ள புடவை மாத்தணும்” என்றார் மாமியார்.

கதவிடுக்கிலிருந்து புகை கசிந்தது. மருமகள் கத்தினாள். அப்படி ஒரு குரல் அந்த வீட்டில் அதுவரை எழுந்ததில்லை.

“இது நிஜம்! எல்லாரும் எந்திரிங்க!”

புகைக்கு அல்ல, அந்தக் குரலுக்குத்தான் எல்லோரும் எழுந்தார்கள். ஒலிபெருக்கி வாயடைத்து அம்மாவைப் பார்த்தது. கணவன் அரை டவுசரோடு பால்கனியிலிருந்து ஓடிவந்தான்.

மாமனார் கொத்தை இடுப்பிலிருந்து உருவினார். தெருவில் பாதிக் கதவுகளைத் திறந்து கொடுத்த கை, சொந்தக் கதவின்முன் சாவி தேடித் தடுமாறியது. தவறான சாவி. மறுபடி தவறான சாவி. கொத்து தரையில் விழுந்தது.

மருமகள் எடுத்தாள். சிவப்புக்குச் சிவப்பு, உள்ளே அழுத்தி. நீலத்துக்கு நீலம், இடப்பக்கம். பச்சை, இரண்டு சுற்று. மஞ்சள் பேசாமல் திறந்துகொண்டது.

படியிறங்கும்போது மகளுக்குத் தொண்டை திரும்பி வந்தது. அவள் போட்ட சத்தத்தில் முதல் மாடியும் காலியானது. கம்பத்தடியில் மருமகள் தலைகளை எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாள். எல்லாத் தலையும் இருந்தது. அதற்குப் பிறகுதான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய விரல் போயிற்று. மாமியார் கையில் ஒரு கரண்டி இருந்தது. ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கணவன் தையல்காரரிடம் ஒரு பேன்ட் கடன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அறை போயிற்று. கதவு மூடியிருந்ததால் வீடு பிழைத்தது. வேலையை முடித்து இறங்கிவந்த தீயணைப்பு வீரர், “இத்தனை பூட்டு போட்டு வெச்சா எப்படி சார் வெளிய வந்தீங்க?” என்றார்.

“எங்க மருமக பொட்டு வெச்சிருந்தா” என்றார் மாமனார்.

அடுத்த வாரம் இரும்புக் கதவில் புதிதாக ஒரே ஒரு பூட்டு இருந்தது. வெளியிலிருந்து சாவி வேண்டும். உள்ளேயிருந்து குமிழைத் திருப்பினால் போதும், குழந்தைகூடத் திறக்கலாம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சிபாரிசு செய்தார். யாருடைய யோசனை என்று கேட்டால் மட்டும் இருமல் வந்துவிடும்.

கழற்றிய நான்கு பூட்டுகளை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு மாலை.

“இந்தக் கண்றாவி எதுலம்மா போகும்?”

“அசிட்டோன் மாமா. ஆய்வகத்துல இருக்கு.”

“முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க கேக்கல மாமா” என்றாள், எப்போதும்போல் பாதிக் குரலில்.

ஒலிபெருக்கி வாயைத் திறந்தது. “வேண்டாம்டா, கேட்டுடுச்சு” என்றார் தாத்தா.