மூன்றாவது சோதனை ஆட்டம்

என் முக்கியப் பாடம் கட்டடப் பொறியியல். கேம் டிசைன் துணைப்பாடம். வகுப்பு மாலை ஆறு மணிக்கு என்பதால்தான் எடுத்தேன். அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது.

தேற வேண்டுமென்றால், நான் உருவாக்கிய விளையாட்டைப் புதியவர் ஒருவர் கடைசிவரை ஆட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். வாய் திறக்கக் கூடாது. இரண்டு முறை கெடுத்துவிட்டேன். முதல் ஆளிடம், "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றேன். இரண்டாவது ஆளிடம் "ஐயோ" என்றேன். அதுவும் பேச்சுதான் என்றார் ஆசிரியை.

"மூணு தடவைதான். இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷம் முதல்லேருந்து வாங்க."

மூன்றாவதாக மனைவியின் தங்கை வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சீருடையோடு நேராக வந்திருந்தாள்.

அட்டையில் நான்கு மாடி வீடு. மூன்று பாட்டில் மூடிகள்தான் ஆட்கள். ஒவ்வொரு முறையும் நீலத்தாள் ஒரு படி மேலேறும், அதுதான் வெள்ளம். மூன்று பேரையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"அத்தான், காலை ஆட்டாதீங்க. மேஜையோட சேர்ந்து வெள்ளமும் ஆடுது."

ஆசிரியை சிரித்தார். நான் காலை நிறுத்தினேன். விரல்கள் ஆடத் தொடங்கின.

கீழ்த்தளத்தில் வரைந்திருந்த கயிற்றை எடுக்க ஒரு மூடியைக் கீழே இறக்கினாள். இன்னும் இரண்டு நகர்த்தலில் அது மூழ்கும். 'கயிறு' என்று குறிப்பேட்டில் எழுதினேன். தாள் கிழிந்தது.

"உங்க முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிடலாம்னு பாத்தா, ஏழு மாசமா ஒரே முகம்." அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஆளு பொழைக்க மாட்டான்னு உங்களுக்கு இப்பவே தெரியும், இல்ல?"

"அவர் பேசக் கூடாதும்மா," என்றார் ஆசிரியை.

"அவருக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல, மேடம்."

மூடியை எடுத்தாள். வைக்கவில்லை.

"அக்கா விஷயமும் தெரியுமா, அத்தான்? முன்னாடியே?"

இரண்டு நிமிடம் பொறுத்தால் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு வராந்தாவில் சொல்லலாம். இப்படித்தான் ஏழு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

"தெரியும். மூணு வாரம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு அவதான் சொன்னா. உனக்குப் பரீட்சை இருந்துச்சு."

"பரீட்சை!" மூடியை மேஜையில் போட்டாள். அது உருண்டு தரையில் விழுந்தது. "ஏன் போனை எடுக்கலைன்னு அந்த மூணு வாரமும் அவகிட்ட சண்டை போட்டேன். மெசேஜ் மேல மெசேஜ். அந்தப் பரீட்சையில ஃபெயில் வேற."

ஆசிரியை மதிப்பெண் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"பயந்தாளா?"

"முதல் வாரம். அப்புறம் எல்லார் மேலயும் கோபம்."

"என் மெசேஜெல்லாம் படிச்சாளா?"

"படிச்சா. படிச்சிட்டு உன்னைத் திட்டினா."

"என்னன்னு?"

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் அக்கா திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லத் தொடங்கினேன்.