அரைப் பேர்

கப்பலில் வந்த காய்ச்சல் என்றார்கள் அதை. ஐம்பத்தேழாம் ஆண்டு மழையோடு கொழும்பில் இறங்கி, ரயிலேறி ஹட்டனுக்கு வந்து, வளைந்து வளைந்து போகும் பஸ் பாதையில் பொகவந்தலாவை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் இருமல். மலையில் தேயிலைக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, பறிக்க ஆளில்லை.

அப்போதுதான் டாக்டர் றோலண்ட் ஐஸ் பெட்டியோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கொழும்புப் பறங்கியர், பேச்செல்லாம் இங்கிலீஷ், தமிழ் சுத்தமாகத் தெரியாது. தோட்டத்து மிட்வைஃப் ஜோசப்பின்தான் அவருக்கு வாய். கொன்வென்டில் படித்த இங்கிலீஷைக் கதைப் புத்தகங்களுக்கு மட்டுமே செலவழித்திருந்தவள், அன்று பெருமையோடு முன்னால் நடந்தாள்.

லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் தோட்டத் தொழிலாளி பொன்னையா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துப் போத்தலில் துப்பச் சொன்னார் டாக்டர். அது விமானத்தில் லண்டனுக்குப் போகுமாம்.

“எச்சில எதுக்கு மிஸ்ஸி அம்புட்டுத் தூரம் தூக்கிட்டுப் போறாங்க? அங்க யாருக்கும் எச்சி ஊறாதா?” என்றாள் அவன் மனைவி வேலாயி. பொன்னையா சிரித்தான், சிரிப்பு இருமலாகிவிட்டது.

டாக்டர் விளக்கினார். லண்டன்காரர்களும் கொழும்புக்காரர்களும் சேர்ந்து கிருமி எந்த வகை என்று கண்டுபிடிப்பார்கள். விஞ்ஞான சஞ்சிகையில் எழுதுவார்கள். அதைப் படித்து மற்ற நாடுகளும் தடுப்பூசி செய்யும். இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஜோசப்பின் கொஞ்சம் தடுமாறினாள்.

“லண்டன்ல பதிவாங்க வேலாயி. அப்புறம் ஊசி வரும்.”

“பேர் பதிவாங்களா?” வேலாயியின் முகம் விரிந்தது.

“ஆமா, ஆமா” என்றபடி ஜோசப்பின் அடுத்த காம்பராவுக்கு ஓடினாள்.

பொன்னையாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, கொழுந்து லொறியில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலாயி வாசலை மறித்து நின்றாள்.

“நாங்க வரல மிஸ்ஸி.”

“பைத்தியமா ஒனக்கு? நெஞ்சுல சளி கட்டியிருக்கு!”

“லண்டன் ஊசி வந்தா பேர் கூப்பிடுவாங்கல்ல? ஆள் இல்லாட்டிப் பேர் போயிரும்.”

ஜோசப்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் உழைப்பு, ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடும்போது நிற்காதவனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். லயத்தில் பிறந்தவள், இது தெரிந்தும் ஆமா சொல்லியிருந்தாள்.

“அந்த ஊசி வர மாசக் கணக்காகும். வந்தாலும் காய்ச்சல் வராதவங்களுக்குத்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், கெளம்பு தாயி.”

“அன்னிக்கு ஆமான்னீங்க, இன்னிக்கு இல்லேங்கிறீங்க. எங்க பேர வேற யாருக்கும் குடுத்துட்டீங்களா?”

லொறி ஹோன் அடித்தது. ஜோசப்பின் உள்ளே நுழைந்து பொன்னையாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பேச முடியாமல் மனைவியைப் பார்த்தான். வரமாட்டேன் என்று தலையசைத்தான். லொறி சத்தம் தேயிலைச் சரிவில் இறங்கி, மூடுபனிக்குள் சின்னதாகிப் போனது. பொழுது சாய்வதற்குள் அவன் மூச்சும் அடங்கிவிட்டது.

காய்ச்சல் ஓய்ந்து, மலை மறுபடி துளிர்த்திருந்த நாளில் டாக்டர் வந்தார். கையில் புத்தம்புதுச் சஞ்சிகை. இந்தத் தோட்டத்தின் பெயர்கூட அதில் அச்சாகியிருந்தது. வேலாயியைத் தேடி மலைக்கே ஏறிவந்து, அவள் கணவன் உலகத்துக்கே உதவியிருக்கிறான் என்று சொல்லச் சொன்னார். அந்த ஊசி இன்னும் ஹட்டனுக்குக்கூட வரவில்லை.

ஜோசப்பின் இம்முறை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

வேலாயி கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். “இதுல அவரு பேர் எங்க இருக்கு?”

பெயர் இல்லை. அட்டவணையில் அவன் போத்தலின் இலக்கம், பக்கத்தில் ‘ஆண், முப்பத்தொன்று’. ஜோசப்பின் அதன்மேல் விரலை வைத்தாள். கொழுந்துக்கறை படிந்த விரலை வேலாயியும் அங்கே கொண்டுவந்து, தாளைத் தொடாமல் நிறுத்தினாள்.

“அரைப் பேராச்சும் போட்டாங்களா மிஸ்ஸி?”

டாக்டர் சிரித்த முகத்தோடு ஜோசப்பின் பக்கம் திரும்பினார். “என்ன கேட்கிறாள்?”

ஜோசப்பின் வாயைத் திறந்தாள். அதற்கு இங்கிலீஷ் அவளிடம் இல்லை.